தோற்றமும் பொருளும்

என்ஜினீயரிங் டிராயிங்கை யாரும் சித்திரம் என்று சொல்வதில்லை. வரைந்தவனும் சொல்வதில்லை, அதைக் கையில் வாங்கும் ஃபிட்டரும் சொல்வதில்லை. சித்திரம் பார்ப்பதற்கானது, பார்த்ததோடு அதன் காரியம் முடிந்துவிடலாம். டிராயிங் அப்படி முடிவதில்லை. அது வேறெங்கோ, இரும்பிலோ மரத்திலோ, ஒரு பொருளாக ஆகவேண்டும். பொருள் ஆனபிறகு காகிதம் எண்ணெய்க் கறையோடு ஒரு மூலையில் கிடக்கும். அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை.

1970களின் கடைசியில் பாலிடெக்னிக்கில் டிராயிங் கற்று, பிறகு கோவையில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் பல வருஷங்கள் போர்டின் முன் நின்றவன் நான். அதே வருஷங்களில்தான் கவிதையும் விமர்சனமும் படிக்கத் தொடங்கினேன். பகலில் செய்ததும் இரவில் படித்ததும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று அப்போது நினைக்கவில்லை. ஆனால் நம் விமர்சனத்தில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு படைப்பைப் பல கோணங்களிலிருந்து பார்க்க வேண்டும். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். யாருமே மறுக்காத வாக்கியத்தில் பெரும்பாலும் சத்து இருப்பதில்லை. பல கோணங்களில் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட துறை ஒன்று இருக்கிறது. அங்கே கோணங்களுக்கு என்ன விதி, என்ன பொறுப்பு என்று சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஆர்த்தோகிராபிக் புரொஜெக்ஷன் என்பதற்குப் பாடநூல்களில் தமிழ்ப் பெயர்கள் உண்டு. டிராயிங் ஹாலில் யாரும் அவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே வீழல் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பொருளுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு நேர் எதிரிலிருந்து, செங்குத்தாக, வெளிச்சம் வருகிறது. அகல் விளக்கின் வெளிச்சமாக இருந்தால், விளக்கு அருகில் இருப்பதால், கதிர்கள் விரிந்து நிழலைப் பெரிதாக்கிவிடும். இது எட்டாத தொலைவிலிருந்து, ஒன்றுக்கொன்று இணையாக வரும் வெளிச்சம். இப்போது சுவருக்கு இணையாக நிற்கும் பக்கம் தன் அளவிலேயே சுவரில் விழுகிறது. நிழலின் வெளிக்கோட்டோடு பொருளின் விளிம்புகளும் சேர்ந்து பதிந்தால் அது எலிவேஷன். மேலிருந்து நேராக இறங்கித் தரையில் பதிவது பிளான். பக்கத்திலிருந்து விழுவது சைடு வியூ. அடிப்படை இவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, பார்ப்பவனுக்கு இடம் இல்லை என்பது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் புருனெல்லெஸ்கி செய்து காட்டி, 1435இல் ஆல்பெர்ட்டி நூலாக எழுதிவைத்த தொலைக்காட்சி முறை ஒரே ஒரு கண்ணை ஓரிடத்தில் நிறுத்துகிறது. அந்தக் கண்ணுக்கு அருகில் உள்ளது பெரிது. தூரத்தில் உள்ளது சிறிது. இணையான தண்டவாளங்கள் தொடுவானத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பார்ப்பவன் நகர்ந்தால் உலகமே மாறிவிடும். வீழலில் கண் முடிவற்ற தொலைவுக்கு அனுப்பப்பட்டுவிடுகிறது. அங்கிருந்து பார்க்க மனிதனால் முடியாது. அதனால் எலிவேஷன் என்பது யாருமே கண்டிராத ஒரு தோற்றம். தண்டவாளங்கள் கடைசிவரை சேராமலே போகின்றன. தூரத்தில் இருக்கிறது என்பதற்காக எதுவும் சிறுத்துப் போவதில்லை.

இந்த நியாயத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு வீழலும் ஒரு பரிமாணத்தை அடியோடு இழக்கிறது. எலிவேஷனில் நீளமும் உயரமும் இருக்கும், ஆழம் இருக்காது. பிளானில் நீளமும் ஆழமும் இருக்கும், உயரம் இருக்காது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பியைத் தரைக்கு 60 டிகிரி சாய்வில் நிறுத்தினால் பிளானில் அதன் நீளம் 50 மில்லிமீட்டர். நட்டுக்குத்தலாக நிறுத்தினால் வெறும் புள்ளி. தரைக்கும் சுவருக்கும் ஒருசேரச் சாய்ந்து நின்றால் இரண்டு தோற்றங்களிலுமே அதன் உண்மை நீளம் இருக்காது. கம்பியை ஏதாவது ஒரு தளத்துக்கு இணையாகும்வரை காகிதத்தின்மேல் திருப்பித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயம்: வீழல் எதையும் குறைத்துக் காட்டலாம், கூட்டிக் காட்டவே முடியாது. அது பொய் சொல்வதானால் மௌனத்தால்தான் சொல்லும்.

இந்த மௌனம் எவ்வளவு பெரியது என்பதற்கு, முதல் வருஷ மாணவர்களுக்குத் தரப்படும் ஒரு பயிற்சியைச் சொல்லலாம். எலிவேஷன் 50 மில்லிமீட்டர் சதுரம். பிளானும் 50 மில்லிமீட்டர் சதுரம். உள்ளே ஒரு கோடும் இல்லை. பொருள் என்ன? கனசதுரம் என்று வகுப்பு முழுவதும் சொல்லும். கனசதுரமும் சரிதான். ஆனால் அந்தக் கனசதுரத்தை மேலே பின்விளிம்பிலிருந்து கீழே முன்விளிம்புவரை சாய்வாக அறுத்து, பின்பக்கப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் ஓர் ஆப்பு கிடைக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அதன் சாய்ந்த முகம் சதுரமாகத் தெரியும். மேலிருந்து பார்த்தாலும் அதே முகம் சதுரமாகவே தெரியும். சாய்ந்த முகத்துக்குப் பதில் வெளியே புடைத்த வளைவை வைத்தால் உருளையின் கால்பாகம்; அதற்கும் இதே இரண்டு சதுரங்கள். உள்ளே குழிந்த வளைவை வைத்தாலும் இதே. இரண்டு தோற்றங்களும் துல்லியமானவை. அளவு பிசகவில்லை, எதுவும் விடுபடவில்லை. ஆனாலும் பொருள் இன்னதென்று தெரியவில்லை. மூன்றாவது தோற்றம் வந்து சதுரமா, முக்கோணமா, கால்வட்டமா என்று சொன்னபிறகே மற்ற இரண்டும் எதைச் சொல்லிக்கொண்டிருந்தன என்று விளங்குகிறது.

ஒரு தோற்றம் சரியாக இருப்பதும் பொருள் தெரிவதும் வேறுவேறு விஷயங்கள். நம்மிடையே நடக்கும் சர்ச்சைகளில் பாதி, தான் வரைந்த சதுரம் சரியானது என்பதால் பொருள் கனசதுரம்தான் என்று சாதிப்பவர்களுக்கிடையே நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் தோற்றங்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதுமா? அங்கேதான் ‘பல கோணங்கள்’ என்ற வாக்கியம் நம்மை ஏமாற்றுகிறது. பல தோற்றங்களை வரைவது பழைய விஷயம். ட்யூரர் இறந்த 1528ஆம் வருஷம் வெளியான மனித உடலின் விகிதங்கள் பற்றிய நூலில் ஒரே உடலின் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் அளவுகளோடு இருக்கின்றன. கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் அதற்கு முன்பே பிளானும் எலிவேஷனும் போட்டவர்கள். பிரான்ஸில் காஸ்பார் மோன்ஜ் செய்தது வேறு. 1746இல் பிறந்த அவர் வியாபாரி ஒருவரின் மகன். மெஸியேரில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் அதிகாரிகளுக்கான வகுப்பில் சேரும் பிறப்புத் தகுதி அவருக்கு இல்லை. படம் வரைபவர்களோடு வேலைக்கு வைக்கப்பட்டார். 1760களின் நடுவில், எதிரியின் பார்வைக்கும் பீரங்கிக்கும் தப்பும்படி ஒரு கோட்டையின் மதில்களை அமைக்கும் கணக்கு அவரிடம் வந்தது. நெடிய எண்கணக்காகப் போட்டுவந்ததை அவர் காகிதத்தில் கோடுகளாலேயே தீர்த்தார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்க முடியாது என்று மேலதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தாராம். பார்த்தபிறகு அந்த முறை ராணுவ ரகசியமாயிற்று. புரட்சிக்குப் பின், 1795இல்தான் பாரிஸில் அதைப் பகிரங்கமாகப் போதிக்க முடிந்தது. நூல் 1799இல் வந்தது.

அவருடைய முறையின் உயிர் ஒரு கோட்டில் இருக்கிறது. சுவரும் தரையும் சந்திக்கும் கோடு; வகுப்பில் எக்ஸ்-ஒய் கோடு என்போம். சுவரில் எலிவேஷன் விழுந்திருக்கிறது. தரையில் பிளான் விழுந்திருக்கிறது. இப்போது அந்தக் கோட்டைக் கீலாக வைத்துத் தரையைக் கீழ்நோக்கி 90 டிகிரி திருப்பினால் இரண்டும் ஒரே காகிதத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். எலிவேஷனில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் கீழே, எக்ஸ்-ஒய் கோட்டுக்குச் செங்குத்தான அதே கோட்டின்மேல், பிளானில் அதன் இணைப்புள்ளி இருந்தே ஆகவேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் இரண்டில் ஒன்று தப்பு. அதாவது ஒரு தோற்றம் இன்னொரு தோற்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. வரைந்து முடித்தபின் இந்த இணைப்புக்கோடுகளை மெல்லியதாக விட்டுவிடுவோம், அல்லது அழித்துவிடுவோம். காகிதத்தில் தெரியாவிட்டாலும் டிராயிங்கைத் தாங்கிக்கொண்டிருப்பது அவைதாம்.

பார்வையற்றோர் யானையைத் தடவிய கதையை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஒருவர் தூண் என்றார், ஒருவர் முறம் என்றார், ஆளுக்கொரு உண்மை என்று கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தக் கதையில் அவர்கள் தொட்டதில் குறை தெரியவில்லை. தொட்ட இடம் யானையின் எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், அடுத்தவர் கையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யானை கிடைத்திருக்கும். அவர்களிடம் பல கோணங்கள் இருந்தன. ஓர் எக்ஸ்-ஒய் கோடு இல்லை.

இன்னொரு நேர்மையும் இத்துறையில் உண்டு. சுவரும் தரையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதாகக் கொண்டால் வெளி நான்கு பகுதிகளாகும். பொருளைத் தரைக்கு மேலே, சுவருக்கு முன்னே வைத்தால் முதல் கோணம். பிளான் எலிவேஷனுக்குக் கீழே வரும். தரைக்குக் கீழே, சுவருக்குப் பின்னே வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்தால் மூன்றாம் கோணம். பிளான் மேலே வரும். மற்ற இரண்டு கோணங்களிலும் தரையைத் திருப்பியதும் இரு தோற்றங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும் என்பதால் அவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை. அமெரிக்காவில் மூன்றாம் கோணம் வழக்கம். ஐரோப்பாவில் முதல் கோணம்; இங்கும் 1988இல் வந்த எஸ்.பி. 46 என்ற தரநூல் முதல் கோணத்தையே பரிந்துரைத்தது. இதில் எது உயர்ந்தது என்று சண்டையில்லை. ஆனால் எதில் வரைந்தோம் என்று சொல்லாமல் விட்டால், இடப்பக்கத்தில் துளைக்க வேண்டியது வலப்பக்கத்தில் துளைக்கப்படும். அதனால் காகிதத்தின் மூலையில், நறுக்கிய கூம்பு ஒன்றின் இரு தோற்றங்களைச் சின்னமாகப் போடுகிறோம். அவை எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டு, எந்த ஊர்க்காரனும் முறையைத் தெரிந்துகொள்வான். தான் எந்த மரபில் நின்று பேசுகிறோம் என்பதை மூலையில் இவ்வளவு சிறியதாகவும் தெளிவாகவும் அறிவித்துவிட்டுத் தொடங்கும் விமர்சனக் கட்டுரை நம்மிடம் அபூர்வம்.

தெரியாததை வரைவதற்கும் விதி இருக்கிறது. பொருளுக்குள் மறைந்திருக்கும் விளிம்பை விட்டுவிட்டு வரும் சிறுகோடுகளால் காட்டுவோம். தெரியும் விளிம்பும் மறைந்த விளிம்பும் ஒரே இடத்தில் விழுந்தால், தெரியும் கோட்டைத்தான் போடவேண்டும். ஆகவே மறைகோடு இல்லாத இடத்தில் மறைந்தது எதுவும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. வெளிப்படையான ஒரு கோட்டுக்கு நேர் பின்னால் அது நின்றுகொண்டிருக்கலாம். மறைகோடுகள் மிகுந்து படம் குழம்பினால், பொருளை வெட்டியதாகப் பாவித்து, வெட்டுப்பட்ட முகத்தில் 45 டிகிரியில் மெல்லிய சாய்கோடுகள் போடுவோம். இதிலும் ஒரு விநோதம் உண்டு. பலத்துக்காக வைக்கும் மெல்லிய ரிப்பின் நீளவாக்கில் வெட்டு போனால் அதற்குச் சாய்கோடு போடக் கூடாது. உண்மையில் அதுவும் வெட்டுப்படுகிறது. ஆனால் சாய்கோடு போட்டால் அந்த இடம் முழுவதும் திண்மையான உலோகம் என்ற எண்ணம் வந்துவிடும். சரியான எண்ணம் வருவதற்காக ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுகிறோம். ஆனால் இது வரைபவனின் இஷ்டம் இல்லை. படிப்பவனுக்கும் தெரிந்த விதி. சம்பிரதாயம் என்ற சொல்லை இழிவாகவே பயன்படுத்திப் பழகிவிட்ட நமக்கு இது யோசிக்க வேண்டிய இடம்.

இந்த இடத்தில் கியூபிஸத்தைக் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஹுவான் கிரிஸ் இளமையில் மாட்ரிட்டில் இயந்திர வரைகலை படித்தவர் என்பதும் உண்மை. ஆனால் ஒப்புமை அதிக தூரம் போகாது. கியூபிஸ ஓவியத்தில் கிதாரின் முன்னும் பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. அவை நுழையும் இடத்தில்தான் ஓவியம் இருக்கிறது. அந்த ஓவியத்தைப் பார்த்து யாரும் கிதார் செய்ய முடியாது. செய்ய வேண்டும் என்பதும் இல்லை. டிராயிங்கில் தோற்றங்கள் தொட்டுக்கொள்வதே கிடையாது. அவற்றுக்கிடையே வெறும் காகிதம் இருக்கிறது. அந்த வெற்றிடத்தைத் தாண்டி அவற்றை ஒன்றாக்க வேண்டியவன் படிப்பவன்.

அப்படிப் படிப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையின் பேட்டர்ன் கடையில் மரத்தில் அச்சு செய்துகொண்டிருந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் கூட்டிவைத்த சுருக்க அளவுகோல் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். டிராயிங்கில் உள்ள அளவு எந்த நிலையிலும் அவர் மரத்தில் இராது. ஆனால் கடைசியில் இரும்பில் சரியாக வந்துவிடும். ஒருநாள் மையவிலக்குப் பம்பின் வால்யூட் கேஸிங் டிராயிங் அவரிடம் போயிற்று. வால்யூட் நத்தை ஓடு போன்றது. தண்ணீர் சுற்றிவரச் சுற்றிவர, அது போகும் வழி அகன்றுகொண்டே வரும். எலிவேஷன், பிளான், சைடு வியூ மூன்றும் சேர்ந்தாலும் அந்த வழியைச் சொல்ல முடியாது. அதனால் 45 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றிலும் எட்டு வெட்டுத்தோற்றங்கள் தருவோம். அவர் எலிவேஷனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எட்டு வெட்டுகளை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இந்த எட்டும் இருக்குதுங்க. எட்டுக்கும் நடுவுல என்னங்க பண்றது?”

“நடுவுலதுக்கு டிராயிங் இல்லீங்கண்ணா. ஒண்ணுலிருந்து இன்னொண்ணுக்கு இழைஞ்சு போகணும்.”

“அது சரிங்க தம்பி. தண்ணி அந்த நடுவுலதானுங்களே ஓடுது?”

குறையாகச் சொல்லவில்லை. எட்டு வெட்டுகளுக்கும் டெம்ப்ளேட் அறுத்துக் கோர் பாக்ஸில் நிறுத்தினார். இடையில் இருந்ததைக் கையால் தடவித்தடவி இழைத்தார். எட்டு இடங்களில் டெம்ப்ளேட் இம்மியும் விலகாமல் உட்கார்ந்தது. இடைப்பட்ட இடங்களுக்கு யார் சொல்லும் அளவும் கிடையாது. ஆனால் அங்கே அவர் இஷ்டத்துக்கும் எதுவும் செய்துவிட முடியாது. இருபுறமும் உள்ள டெம்ப்ளேட்டுகள் அவரைக் கட்டிப்போட்டிருந்தன. வாசக சுதந்திரம் என்று சொல்லப்படுவதற்கு இதைவிடத் திருத்தமான ஓர் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது வரிசை மாறிவிட்டது. கம்ப்யூட்டரில் முதலில் பொருளையே முப்பரிமாணத்தில் உருவாக்கிவிடுகிறார்கள். எலிவேஷனும் பிளானும் அதிலிருந்து தாமாக வந்து விழுகின்றன. வால்யூட்டின் எட்டு வெட்டுகளுக்கு இடைப்பட்டதும் அதில் கணக்காக இருக்கிறது. அதனால் நஷ்டம் என்று புலம்ப நான் தயாரில்லை. பொறியாளருக்குப் பொருளை முன்கூட்டியே தரும் சாதனம் வந்துவிட்டது. கவிதையைப் படிப்பவனுக்கு அப்படி ஒன்று வரப்போவதில்லை. அவன் கையில் இன்னமும் தோற்றங்கள்தாம் இருக்கின்றன.

மௌனியின் கதைகளில் சமூகம் இல்லை என்ற குற்றச்சாட்டு நமக்குப் பழக்கமானது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. சமூகம் என்ற தளத்தில் அந்தக் கதைகளை வீழ்த்தினார்கள். அங்கே புள்ளி விழுந்தது. புள்ளியைப் பார்த்ததும் கோடே இல்லை என்றார்கள். ஒரு கோடு தளத்துக்குச் செங்குத்தாக நின்றாலும் புள்ளிதான் விழும் என்பது முதல் வருஷப் பாடம். எதிர்த்தரப்பும் மேலாக நடந்துகொள்ளவில்லை. தங்கள் தளத்தில் கோடு முழு நீளத்துக்கு விழுந்திருப்பதைக் காட்டி, அடுத்த தளத்தின் புள்ளி ஒரு பொருட்டே அல்ல என்றார்கள். புள்ளியும் ஒரு தகவல். அந்தக் கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்பதை அதைவிடத் தீர்மானமாக எதுவும் சொல்லாது. இரண்டு தரப்பும் தங்கள் காகிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, இந்தப் புள்ளி அந்தக் கோட்டுக்கு நேர் கீழே விழுகிறதா என்று பார்த்திருக்கலாம். கதையின் இன்ன வரி, இன்ன சொல், உன் தளத்தில் எங்கே விழுகிறது, என் தளத்தில் எங்கே விழுகிறது என்று வரி வரியாகக் கேட்டிருக்கலாம். அது அலுப்பான வேலை. டி-ஸ்கொயரை நகர்த்தி, செட் ஸ்கொயரை அதன்மேல் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியாக இறக்கும் வேலை. பிறகு அழித்துவிட வேண்டிய கோடுகள் அவை. ஆனால் அவற்றைப் போடாதவனிடம் எத்தனை கோணங்கள் இருந்தாலும் பொருள் இருக்காது.